மலைச்சரிவில் அனோவா: தோட்டத்துக்கும் லேப்டாப்புக்கும் சில கைக்குறிப்புகள்

நீலகிரி சின்ன மாவட்டம். ஆனால் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், ஊட்டியில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், மண்-நீர் வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், மருந்தியல் கல்லூரி, வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம், குன்னூரில் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி என்று ஆய்வு நடக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. எதை அளந்தாலும் கடைசியில் வழிகாட்டி கேட்பது ஒன்றுதான்: "அனோவா போட்டாச்சா?" மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகள் உண்மையிலேயே வேறா, தற்செயலாக அப்படித் தெரிகின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. பட்டனை அழுத்தினால் இரண்டு நொடியில் விடை வந்துவிடும். அந்த விடையை நம்பலாமா என்பது அதற்குப் பல மாதம் முன்பே, சரிவில் முளைக்குச்சி அடிக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் குறிப்புகளும் தோட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

1. பிளாக்குகளைச் சரிவுக்குக் குறுக்காக, சமஉயரக் கோட்டை ஒட்டிப் பட்டை பட்டையாகப் பிரியுங்கள். மேட்டில் மண் அரித்து மெலிந்திருக்கும். கீழே வண்டலும் ஈரமும் சேர்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, உறைபனி அங்கேதான் கொழுந்தைக் கருக்கும். எப்படியானாலும் இறங்க இறங்க நிலைமை மாறுகிறது. ஒரே உயரத்தில் இருக்கும் ஒரு பட்டைக்குள் எல்லா ட்ரீட்மெண்ட்டும் (ஒப்பிடும் உரம், ரகம் போன்றவை) ஒருமுறை வந்துவிட்டால், மேடு பள்ள வித்தியாசத்தைப் பின்னால் கணக்கிலேயே கழித்துவிடலாம். மேலிருந்து கீழாக நீளவாக்கில் பிளாக் பிடித்தால் ஒவ்வொரு பிளாக்கும் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும். கழிக்க எதுவும் மிஞ்சாது. வேளாண் கல்லூரிகளில் ஆர்.பி.டி. (ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன்) என்று சொல்லும் அமைப்பு இதுதான். சமதளத்துக்காரர்கள் இதைச் சடங்காகச் செய்தாலும் தப்பிவிடலாம். மலையில் தப்ப முடியாது.

2. எந்த பிளாட்டுக்கு எந்த ட்ரீட்மெண்ட் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பட்டைக்குப் பட்டை தனிக் குலுக்கல். முதல் பட்டையில் வந்த வரிசையையே எல்லாப் பட்டைகளிலும் போட்டால், பாதையோர பிளாட் எப்போதும் ஒரே ட்ரீட்மெண்ட்டுக்கே விழும். குலுக்கி வந்த வரிசையைப் படமெடுத்து வையுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

3. சில்வர் ஓக் நிழல் பட்டையின் ஒரு முனைக்கு மட்டும் விழுகிறதா? பட்டையை நகர்த்துங்கள். ஓர வரிசைச் செடிகளை எடையில் சேர்க்காதீர்கள். பக்கத்து பிளாட்டின் உரம் அங்கே கசிந்திருக்கும்.

4. பறிப்பதும் எடை போடுவதும் நோய்க்கு மார்க் போடுவதும் பட்டை வாரியாக நடக்கட்டும். இரண்டு பட்டை முடிந்ததும் தூறல் பிடித்துக்கொண்டதா, பரவாயில்லை. நனைந்த கொழுந்தின் கூடுதல் எடை மீதிப் பட்டைகளில் எல்லா ட்ரீட்மெண்ட்டுக்கும் சமமாக ஏறும். பட்டை வித்தியாசத்தோடு சேர்ந்து கழிந்தும் போகும். 'இன்றைக்கு அ முழுவதும், நாளைக்கு ஆ முழுவதும்' என்று வேலையைப் பிரித்தால், மழைத்தண்ணீரின் எடையை உரத்தின் வெற்றி என்று அச்சடிக்க நேரும். மார்க் போட இரண்டு பேர் என்றால் ஒரு பட்டை முழுவதையும் ஒருவரே பார்க்கட்டும்.

5. குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜெல் பேனா எழுத்து தாங்காது.

6. ஒரு பிளாட்டில் பத்துச் செடியை அளந்ததால் பத்து ரெப்ளிகேஷன் ஆகிவிடாது. உரம் போட்டது பிளாட்டுக்கு. ஆகவே கணக்கின் அலகும் பிளாட்தான். பத்துச் செடியின் சராசரியை எடுத்து, பிளாட்டுக்கு ஒரே எண்ணாக உள்ளிடுங்கள். ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. 12 பிளாட் இருக்கும்போது 12 வரிக்குப் பதில் 120 வரி கொடுத்தால் சாஃப்ட்வேர் கேள்வி கேட்காது. 120 வரியையும் 120 தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொண்டு பி மதிப்பை (வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு விடை தற்செயலாக வரும் வாய்ப்பை) அழகாகச் சுருக்கித் தந்துவிடும். மருந்தியல் பிள்ளைகளுக்கும் இதே விதி: ஒரு எலியின் ரத்தத்தை மூன்று முறை அளந்தாலும் எலி ஒன்றுதான்.

7. காட்டெருமை படுத்து எழுந்த பிளாட்டுக்கும் பன்றி கிளறிய உருளைக்கிழங்குப் பாத்திக்கும் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் 'அறுவடை செய்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை' என்று அர்த்தம். கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆர் என்ற சாஃப்ட்வேராக இருந்தால் என்.ஏ. என்று குறியுங்கள். ட்ரீட்மெண்ட் பலிக்காமல் நோயிலேயே செடிகள் செத்து விளைச்சல் இல்லாமல் போனால் அது வேறு விஷயம். அது பரிசோதனையின் விடை. அங்கே பூஜ்யம்தான் நேர்மை. எக்செல்லின் டூல்பேக்கில் (அனோவா போடும் கூடுதல் கருவி) காலிக் கட்டம் இருந்தால் ஆர்.பி.டி. கணக்கே ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. தாளை நீளவாக்கில் அமையுங்கள்: ஒரு வரிக்கு ஒரு பிளாட், பத்திகளில் பட்டை, ட்ரீட்மெண்ட், விளைச்சல். ஆர், எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி மூன்றுக்கும் இந்த அமைப்பே பொருந்தும். எக்செல் டூல்பேக்குக்கு மட்டும் ட்ரீட்மெண்ட் வரிசையிலும் பட்டை பத்தியிலுமாகக் கட்டம் போட வேண்டும். நிறம் அடித்து 'மஞ்சள் என்றால் சந்தேகம்' என்று குறிப்பதை விட்டுவிடுங்கள். சிஎஸ்வி கோப்பாகச் சேமித்ததும் நிறம் போய்விடும். சந்தேகத்தைத் தனிப் பத்தியில் எழுத்தாகவே எழுதுங்கள்.

9. பிளாட்டுக்கு '3-4' என்று பெயர் வைத்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். 'பி3டி4' என்பது போல எழுத்தில் தொடங்குங்கள்.

10. சாஃப்ட்வேரை நம்பி இறங்குவதற்கு முன் விடை தெரிந்த ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள். இதோ ஒன்று. பயிற்சிக்காக அமைத்த எண்கள். எந்தத் தோட்டத்திலும் அளந்தவை அல்ல. மூன்று உரங்கள், நான்கு பட்டைகள், பிளாட்டுக்கு இத்தனை கிலோ பசுந்தேயிலை:

பட்டை 1 (மேடு): அ 10, ஆ 12, இ 11
பட்டை 2: அ 12, ஆ 15, இ 15
பட்டை 3: அ 16, ஆ 18, இ 17
பட்டை 4 (பள்ளம்): அ 18, ஆ 19, இ 17

உரங்களின் சராசரி முறையே 14, 16, 15. பட்டைகளின் சராசரி 11, 14, 17, 18. எல்லா எண்களின் மொத்த வேறுபாட்டு வர்க்கக் கூட்டல் 102. இதில் பட்டைகளால் வந்தது 90, உரத்தால் வந்தது 8, இரண்டாலும் விளக்க முடியாத மிச்சம் 4. டி.எஃப். (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) பத்தியில் 3, 2, 6 என்று வரவேண்டும். உரத்தின் 8ஐ 2ஆல் வகுத்தால் 4. மிச்சத்தின் 4ஐ 6ஆல் வகுத்தால் 0.67, முன்னதைப் பின்னதால் வகுத்தால் எஃப் மதிப்பு 6. பி மதிப்பு 0.037. உரங்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதலாம்.

இப்போது அதே எண்களை, பட்டையை மறந்துவிட்டு, ஒன்-வே அனோவாவில் போட்டுப் பாருங்கள். பட்டைகளின் 90 போக இடமில்லாமல் மிச்சத்தில் போய்ச் சேர்ந்து, மிச்சம் 94 ஆகிவிடும். எஃப் 0.38ஆக இறங்கும், பி 0.69. அதே தோட்டம், அதே எடை, அதே உழைப்பு. ஒரு பத்தியைச் சொல்லாமல் விட்டதில் உரம் தோற்றுவிட்டது. இரண்டு விடையும் உங்கள் திரையில் வந்த பிறகு மேலே போங்கள்.

11. எக்செல் டூல்பேக்கில் அனோவா மூன்று வகையாக இருக்கும். 'நம்மிடம் நான்கு ரெப்ளிகேஷன் இருக்கிறதே' என்று 'டூ-ஃபேக்டர் வித் ரெப்ளிகேஷன்' பக்கம் கை போகும். போகக் கூடாது. பட்டையையே ஒரு ஃபேக்டராக எடுத்துக்கொள்வதால் ஒரு கட்டத்துக்கு ஓர் எண்தான் இருக்கிறது, எனவே ஆர்.பி.டி.க்கு 'டூ-ஃபேக்டர் வித்தவுட் ரெப்ளிகேஷன்'. டேட்டா பட்டியில் டூல்பேக்கே தெரியவில்லை என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் வழியாகப் போய் முடுக்குங்கள்.

12. எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'கம்பேர் மீன்ஸ்' பக்கம் போகாமல் அனலைஸ், ஜெனரல் லீனியர் மாடல், யூனிவேரியேட் என்று போங்கள். பட்டையையும் உரத்தையும் 'ஃபிக்ஸட் ஃபேக்டர்' பெட்டியில் இட்டு அப்படியே ஓகே அழுத்தினால், எஃப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி வரும். பதற வேண்டாம். அது தானாகவே பட்டைக்கும் உரத்துக்குமான இடைவினையையும் சேர்த்துக்கொண்டது, மிச்சத்துக்கு டி.எஃப். பூஜ்யமாகிவிட்டது. 'மாடல்' பட்டனுக்குள் போய், இரண்டின் தனி விளைவுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆரிலும் இப்படித்தான்: அலைக்குறிக்கு இடப்பக்கம் விளைச்சல், வலப்பக்கம் பட்டை கூட்டல் உரம். கூட்டல் குறிக்குப் பதில் நட்சத்திரம் போட்டால் எஃப் பத்தியே காணாமல் போகும்.

13. உரங்களுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டிருந்தால் ஆர் அவற்றை அளவுகளாக எடுத்துக்கொண்டு நேர்க்கோடு போடப் பார்க்கும். மேலே உள்ள பயிற்சிக் கணக்கில் இதைச் செய்தால் உரத்தின் டி.எஃப். 2க்குப் பதில் 1 ஆகும். பி மதிப்பு 0.037இலிருந்து 0.28க்குப் போய்விடும். 'ஃபேக்டர்' கட்டளையால் இது வெறும் பெயர் என்று சொல்லிவிடுங்கள். எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது டி.எஃப். பத்தியைத்தான். உரங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, பட்டைகளில் ஒன்று குறைவு, மொத்தத்தில் ஒன்று குறைவு. இது பொருந்தவில்லை என்றால் மற்ற எண்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

14. ஒரே தரவுக்கு ஆர் ஒரு விடை, எஸ்பிஎஸ்எஸ் இன்னொரு விடை தருகிறதா? எங்கோ ஒரு கட்டம் காலியாக இருக்கும். கட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். காட்டெருமை ஒரு பிளாட்டைத் தின்றபிறகு, ஆரின் சாதாரண அனோவா சொன்ன வரிசைப்படி கழிக்கும் (முதல் வகை). எஸ்பிஎஸ்எஸ் ஒவ்வொன்றையும் மற்றவற்றுக்குப் பிறகு கழிக்கும் (மூன்றாம் வகை). ஆரில் பட்டையை முதலிலும் உரத்தைக் கடைசியிலும் எழுதினால் ஒற்றை ஃபேக்டர் ஆர்.பி.டி.யில் உரத்தின் விடை ஒன்றாகிவிடும். இரண்டு ஃபேக்டரும் இடைவினையும் இருந்தால் 'கார்' என்ற பொதியை நிறுவி மூன்றாம் வகை கேட்கலாம். ஆனால் அதற்கு முன் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுத்தொகை பூஜ்யமாகும் வகைக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எண் வரும், பொருள் இருக்காது.

15. அனோவாவைத் தவிர்த்துவிட்டு ஜோடி ஜோடியாக டி-டெஸ்ட் போடாதீர்கள். ஆறு குழுக்கள் இருந்தால் 15 ஜோடிகள். ஒவ்வொன்றிலும் 5 சதவீதத் தவறுக்கு இடம் கொடுத்தால், ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்தால், எங்கோ ஓரிடத்தில் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல்.

16. பிறகு எது எதைவிட மேல்? நம் வேளாண் ஆய்வேடுகளில் ஜோடிகளை ஒப்பிடும் சி.டி. (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்), டங்கன் சோதனைகள் கொடிகட்டிப் பறக்கின்றன. பயிற்சிக் கணக்கில் சி.டி. 1.41, ஆவுக்கும் அவுக்கும் வித்தியாசம் 2 என்பதால் அது மட்டும் தேறும். டியூக்கி சோதனை கேட்கும் இடைவெளி 1.77, அதிலும் இதே விடைதான். ஆவுக்கு 'ஏ', இக்கு 'ஏபி', அவுக்கு 'பி' என்று எழுத்துப் போடலாம் (பொது எழுத்து இருந்தால் வித்தியாசம் தேறவில்லை என்று பொருள்). குழுக்கள் பெருகும்போது சி.டி.யும் டங்கனும் தாராளமாக எழுத்துகளை அள்ளிக் கொடுக்கும். என் கட்சி டியூக்கி. எல்லாவற்றையும் கன்ட்ரோலோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்றால் (மருந்தியல் ஆய்வுகளில் பெரும்பாலும் அதுதான் தேவை) டன்னெட். எதைப் போடுவது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, பிடித்த விடை தந்ததை வைத்துக்கொள்வது கணக்கு இல்லை, பேரம்.

17. ஹெக்டேருக்கு 0, 100, 200, 300 கிலோ நைட்ரஜன் என்று ஏறுவரிசை அளவுகள் இருந்தால் 'ஏ, பி' எழுத்தெல்லாம் வேண்டாம். அங்கே கேள்வி 'எந்த இரண்டு வேறு' என்பது அல்ல, 'எங்கே போய்ச் சமன் ஆகிறது' என்பது. வளைகோடு பொருத்துங்கள்.

18. இரண்டு ஃபேக்டர் இருந்தால் முதலில் இடைவினை வரியைப் படியுங்கள். நீலகிரியில் உருளைக்கிழங்குக்குக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்று போகம். கார்போகத்தில் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் முந்துகிறது, நீர்போகத்தில் குஃப்ரி ஜோதி முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று போகத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'ரகங்களுக்குள் வித்தியாசமில்லை' என்று வந்து நிற்கும். விவசாயிக்கு அது பொய். இடைவினை தேறிவிட்டால் போகத்துக்குப் போகம் தனியாகப் படம் போட்டுப் பேசுங்கள்.

19. எண்ணிக்கைகளுக்கும் சதவீதங்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். 1961இல் ஊட்டி விஜயநகரத்தில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவை எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் கண்டுபிடித்ததிலிருந்து இந்த மலையில் மண்ணை அலசி முட்டைக்கூடு எண்ணும் வேலை நிற்கவில்லை. அந்தப் புழுவுக்கு எதிர்ப்புத் திறன் கொண்ட குஃப்ரி ஸ்வர்ணா 1985இல் வெளியானது. முட்டைக்கூடு போன்ற எண்ணிக்கைகளில் சராசரி கூடினால் சிதறலும் கூடவே கூடும். ஒரு மாதிரியில் 2, இன்னொன்றில் 200 என்று இருக்கும். ஒன்றைக் கூட்டி லாக் எடுத்துப் போட்டால் சமாளிக்கலாம். தேயிலைக் கொப்புள நோய் போன்றவற்றின் சதவீதங்களுக்குப் பழைய பாடம் ஆர்க்சைன். இன்றைக்கு ஆரிலும் ஜமோவியிலும் பைனாமியல் மாடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதையே போடலாம் என்பது என் எண்ணம். வழிகாட்டி ஆர்க்சைன்தான் வேண்டும் என்றால் சண்டை போடாதீர்கள். எதை மாற்றிக் கணக்கிட்டாலும் அட்டவணையில் வாசகருக்குப் புரியும் பழைய அளவையும் கொடுங்கள்.

20. 'தரவு நார்மலா?' என்று விளைச்சல் பத்தியை எடுத்துச் சோதிக்காதீர்கள். மேடும் பள்ளமும் கலந்த பத்தி எப்படி ஒரே மணி வடிவில் வரும்? சோதிக்க வேண்டியது மாடல் கழித்ததுபோக மிஞ்சிய எச்சங்களை. க்யூ-க்யூ படத்தில் புள்ளிகள் கோட்டை ஒட்டி ஓடுகின்றனவா, மதிப்பு கூடும்போது எச்சங்கள் விசிறியாக விரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். 12 பிளாட்டுக்கு ஷாப்பிரோ-வில்க் போட்டு 'தேறியது' என்று எழுதுவதில் பெரிய பலம் ஒன்றுமில்லை. அவ்வளவு குறைந்த எண்களில் அது பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்காது.

21. கவ்வாத்தை பிளாட் பிளாட்டாக மாற்றுவது சிரமம்; ஒரு வயல் முழுவதையும் ஒரே மட்டத்தில்தான் வெட்டுவார்கள். அந்தப் பெரிய துண்டுக்குள் உரத்தை மட்டும் சின்னத் துண்டுகளாகப் பிரித்துப் போட்டிருந்தால் அது ஸ்பிளிட் பிளாட். இதற்கு இரண்டு மிச்சங்கள் உண்டு: கவ்வாத்தைப் பெரிய துண்டுகளின் மிச்சத்தாலும், உரத்தைச் சின்னத் துண்டுகளின் மிச்சத்தாலும் வகுக்க வேண்டும். ஒரே மிச்சத்தால் வகுத்தால் கவ்வாத்து இல்லாத பெருமையெல்லாம் அடையும். ஆரில் 'எரர்' என்ற பகுதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எக்செல் டூல்பேக்கால் இது ஆகாது. இதில் இடறினால் வெட்கப்படவும் வேண்டாம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ரொனால்ட் ஃபிஷர், வினிஃப்ரெட் மெக்கன்சியோடு சேர்ந்து 1923இல் வெளியிட்ட கட்டுரையில் 12 உருளைக்கிழங்கு ரகங்களின் விளைச்சலை அனோவாவால் ஆராய்ந்தார். அந்தத் தோட்டம் உண்மையில் ஸ்பிளிட் பிளாட் அமைப்பில் இருந்தது. கணக்கோ ஒரே மிச்சத்தால் போடப்பட்டது. 1925இல் வந்த தன் நூலில் அதைச் சரியாக மறுபடி கணக்கிட்டார். அனோவாவைக் கண்டுபிடித்தவருக்கே இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

22. ஒரே பிளாட்டில் ரவுண்டுக்கு ரவுண்டு கொழுந்து பறித்தால் ஒவ்வொரு ரவுண்டும் தனி ரெப்ளிகேஷன் அல்ல. எளிய வழி, சீசன் மொத்தத்தைக் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது. காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி என்றால் மிக்ஸ்டு மாடல். அதை ஒரு புள்ளியியல் ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

23. எஸ்பிஎஸ்எஸ் .000 என்று காட்டுவதை அப்படியே எழுதாதீர்கள். பி மதிப்பு பூஜ்யம் ஆகவே ஆகாது, '0.001க்குக் கீழே' என்று எழுதுங்கள். பி 0.05க்கு மேல் என்றால் 'இரண்டு உரமும் சமம்' என்றும் எழுதாதீர்கள். வித்தியாசத்தைக் காட்டும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பி மதிப்போடு சராசரி, திட்டப் பிழை, சி.வி. (கோஎஃபிஷியன்ட் ஆஃப் வேரியேஷன்) மூன்றையும் கொடுங்கள். பயிற்சிக் கணக்கின் சி.வி. 5.4 சதவீதம்.

24. எந்த சாஃப்ட்வேர் வாங்குவது? வாங்கவே வேண்டாம். ஆர், ஜமோவி, ஜாஸ்ப் மூன்றும் இலவசம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரேப்ஸ், ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆப்ஸ்டாட் இரண்டும் இணையத்தில் நேரடியாக ஓடும், ஆர்.பி.டி., ஸ்பிளிட் பிளாட் என்று நமக்குப் பழகிய பெயர்களிலேயே கேட்கும். எஸ்டேட் லைனில் சிக்னல் போகும் வீடாக இருந்தால் ஆரை லேப்டாப்பிலேயே நிறுவிக்கொள்வது நல்லது. கட்டளைகளை ஒரு கோப்பில் சேமியுங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஓகேக்குப் பதில் 'பேஸ்ட்' அழுத்தினால் கட்டளை எழுத்தாக வந்துவிடும். ஆறு மாதம் கழித்து வழிகாட்டி ஒரு பிளாட்டைத் திருத்தச் சொன்னால் ஒரு நிமிட வேலை. கோட்பாட்டைப் படிக்க, 1954இல் வந்த பான்சே-சுகாத்மே நூல் வேளாண் நூலகங்களில் இன்னும் இருக்கிறது. அட்டை கிழிந்த பிரதியாக இருந்தாலும் எடுத்து வாருங்கள்.

25. தோட்டம் இல்லாதவர்கள் சமையலறையில் பழகலாம். மூன்று வகைத் தேயிலைத் தூள், வீட்டில் ஐந்து பேர். ஒவ்வொருவரும் மூன்றையும் குடித்துப் பத்துக்கு மார்க் போடட்டும். இங்கே ஆள்தான் பட்டை: மாமா எதற்கும் ஐந்துக்கு மேல் போடமாட்டார், பாட்டி எல்லாவற்றுக்கும் ஒன்பது போடுவார், அந்த வித்தியாசம் பட்டையோடு கழிந்துவிடும். டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, குடிக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் குலுக்கிப் போடுங்கள். டீ ஊற்றுபவர் மார்க் போடக் கூடாது, எந்த எண் எந்தத் தூள் என்று வாயும் திறக்கக் கூடாது. ஃபிஷரும் தேநீரில்தான் பாடம் நடத்தினார். பால் முதலா டிக்காஷன் முதலா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்ற மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகளைக் குலுக்கி வைத்த பரிசோதனை ஃபிஷருடைய 1935ஆம் ஆண்டு நூலில் புகழ்பெற்றது. எட்டில் பால் முதலில் ஊற்றிய நான்கு கோப்பைகளைப் பொறுக்கும் 70 வழிகளில் ஒன்றுதான் முழுச்சரி என்பதே அங்கே கணக்கு; அனோவா அல்ல. உங்கள் மார்க்குகளை ஜமோவியில் போடும்போது ஆள், தூள் இரண்டையும் ஃபேக்டராகக் கொடுங்கள். மார்க் எல்லாம் 7, 8 என்றே நெருங்கி இருந்தால் ஃப்ரீட்மன் சோதனையையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் எல்லோரும் குடித்து முடிக்க வேண்டும். ஒரு வகை மட்டும் ஆறிப்போனால் நீங்கள் அளப்பது தூளை அல்ல, சூட்டை.